பென்சில் பையில் திருநீறு

அலாரம் அடிப்பதற்கு முன்பே யுகேந்திரன் விழித்துக்கொண்டான். அடிக்கும்வரை படுத்திருந்தான். அடித்ததும் நிறுத்தினான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினான். அறையில் கட்டில் இருக்கிறது. அதில் இப்போது அம்மா படுக்கிறாள். அவன் கூடத்தில் படுக்கிறான். பல் துலக்கினான், குளித்தான். கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. கோப்பிப் பொட்டலம் ஒன்றைக் கிழித்துக் கொட்டிக் கலக்கிக் குடித்தான். குவளையைக் கழுவிக் கவிழ்த்தான். தொழிற்சாலையின் நீலச் சட்டையை மாட்டிப் பாதிப் பொத்தான்களைப் போட்ட பிறகுதான், இன்று புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கழற்றினான். வெள்ளைச் சட்டையை எடுத்தான். அடக்கத்துக்குப் போட்ட சட்டை. துவைத்தது, ஆனால் தேய்க்கவில்லை.

அம்மா மீனாட்சி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு அவன் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலத்தைச் செருகினாள். தண்ணீர்மலைக் கோயில் திருநீறு. முன்பெல்லாம் கைக்கு எட்டிய தாளில் மடிப்பாள். இப்போது டிஷ்யூவில் மட்டும்தான் மடிக்கிறாள். மடிப்பதற்கு முன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்ப்பாள், ஒரு எழுத்துகூட இல்லைதானே என்று.

“அங்க என்னையப் பத்திக் கேப்பாங்களாய்யா?”

“தெரியலம்மா.”

“கேட்டா நான்தான் வச்சேன்னு சொல்லிடு. மறைக்காதே. போலீஸ்ல புடிச்சுக் குடுத்தாலும் பரவால்ல.”

“போலீஸ் எல்லாம் இல்ல. மீட்டிங்தான்.”

“நானும் வரவா?”

“வேணாம்மா.”

லிஃப்ட் வர நேரமானது. ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் காலையில் லிஃப்ட் எப்போதும் அப்படித்தான். கீழே மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் துடைத்தான். பின்னால் மாட்டியிருந்த இன்னொரு ஹெல்மெட்டையும் துடைத்தான். ரோஸ் நிறம். மனைவி கிறிஸ்டலுடையது. அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று பல தடவை நினைத்துவிட்டான்.

மாமனார் பாக்கியசாமி படகுத்துறை ஜெட்டி வாசலில் நின்றிருந்தார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ் பிடித்து, பெர்ரி ஏறி வந்திருக்கிறார். தபால் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நீளக்கைச் சட்டை, காலில் மெருகேற்றிய சப்பாத்து, கையில் மகளின் படம் போட்ட பிளாஸ்டிக் உறை. படத்தில் கிறிஸ்டல் தாதியர் சீருடையில் சிரிக்கிறாள்.

“சாப்பிட்டீங்களா மாமா?”

“கரிபாப் ஒண்ணு சாப்பிட்டேன். அத விடுங்க. இப்ப நல்லாக் கேட்டுக்குங்க மாப்பிள்ளே. அந்த யூனிவர்சிட்டிக்காரன் கட்டாயம் கேப்பான், உங்க மனைவி கடைசியா என்ன சொன்னாங்கன்னு. என்ன சொல்லுவீங்க?”

யுகேந்திரன் ஹெல்மெட்டை நீட்டினான்.

“‘இந்த யூனிவர்சிட்டி என்னை உசுரோட பொதைச்சிருச்சு.’ இதான் வாக்கியம். நான் ராத்திரி பூரா யோசிச்சு வச்சது. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.”

“அவ அப்படிச் சொல்லலையே மாமா.”

“சொல்லலன்னா? நெனைச்சிருப்பாளா இல்லியா?”

கிறிஸ்டல் செத்த நாளிலிருந்து அவளுடைய கடைசி வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. மாதா கோயிலில் ஒரு கதை ஓடியது. கூடப் படித்த ஷேன் என்ற பையன் ஃபேஸ்புக்கில் ஒன்றைப் போட்டிருந்தான். எனக்கு நியாயம் மட்டும் போதும் என்று அவள் சொன்னாளாம், அதை ஆயிரக்கணக்கான பேர் பகிர்ந்திருந்தார்கள். மாமியார் கேத்தரின், மம்மி என்று கூப்பிட்ட குரல் காதில் விழுந்தது என்றாள். அவள் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். எல்லாரும் அவனிடம் வந்து உறுதிப்படுத்தச் சொன்னார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவான்.

ஹெல்மெட் பாக்கியசாமிக்குச் சின்னது. வார் பூட்டவில்லை. ஒரு கையால் அதைத் தலையில் அமுக்கிக்கொண்டு, மறு கையால் மகளின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். சிக்னலில் நின்ற ஒரு காடியிலிருந்து சின்னப் பிள்ளை ஒன்று அவரைப் பார்த்துச் சிரித்தது.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு சிட்டிகை திருநீறு.

கிறிஸ்டல் கத்தோலிக்கப் பெண். காதலித்து முடித்த கல்யாணம். மீனாட்சி முதலில் முறைத்தாள், பிறகு மருமகளின் நண்டுக் குழம்பில் விழுந்தாள். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. இந்தப் பெண் நெற்றியில் திருநீறு வைக்கமாட்டேன் என்கிறது. ‘நீங்க வச்சுக்குங்க அத்தே, நான் சிலுவை போட்டுக்கிறேன்’ என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடும். பல்கலைக்கழகத்தில் தாதியர் படிப்பின் கடைசி ஆண்டுத் தேர்வு வந்தபோது மீனாட்சிக்கு மனது கேட்கவில்லை. பூசக் கூடாது என்றால் என்ன, கூடவே இருந்தால் போதாதா? மருமகளின் குப்பைக் கூடையிலிருந்து பழைய பாடக்குறிப்புத் தாள் ஒன்றை எடுத்தாள், நாலாக மடித்தாள், தண்ணீர்மலைத் திருநீற்றை உள்ளே வைத்தாள், அவளுக்குத் தெரியாமல் பென்சில் பையின் அடியில் செருகிவிட்டாள். வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்கு எந்தத் தாயும் செய்வதுதான். சொல்லாமல் செய்தாள், அவ்வளவுதான்.

தேர்வு மண்டபத்தில் கண்காணிப்பாளர் பென்சில் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். பொட்டலம் விழுந்தது. இது என்ன என்று கேட்டார்.

“தெரியாது. என்னோடது இல்ல,” என்றாள் கிறிஸ்டல். அது உண்மை.

பிரித்தார்கள். சாம்பல் நிறப் பொடி. தாளில் கையெழுத்து. இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார்கள்.

“என்னோடது,” என்றாள். அதுவும் உண்மை.

பிற்பாடு வந்த குற்றச்சாட்டில் முதல் வரியே இதுதான்: மாணவி தன் வாக்குமூலத்தை மாற்றினார்.

பொடி என்றால் முதலில் பொடிக்கான விசாரணை. பாதுகாப்புப் பிரிவுக்குக் கூட்டிப்போய், கழிவறைக் கதவைத் திறந்து வைத்து, ஒரு பெண் காவலாளி பார்த்துக்கொண்டு நிற்க, கோப்பையில் சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னார்கள். பயத்தில் வரவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்தார்கள். பக்கத்து மண்டபத்தில் தேர்வு முடிந்து, கூடப் படித்தவர்கள் வெளியே வந்து, கண்ணாடி வழியாக அவளையும் அவள் கையிலிருந்த கோப்பையையும் பார்த்துக்கொண்டு போனார்கள். சோதனையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொன்னவர்கள் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு தாளுக்கான விசாரணை. தாளில் இருந்தது குழந்தைப் பராமரிப்பு. அன்றைய தேர்வு மருந்தியல். விதியில் எந்தப் பாடம் என்று எழுதவில்லை, குறிப்பு என்றுதான் எழுதியிருக்கிறது என்றார்கள்.

திருநீற்றைக் கண்டதுமே யார் வேலை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது மீனாட்சிதான் பெருமை தாங்காமல் கேட்டாள்.

“பரீட்சை நல்லா எழுதினியா? எழுதியிருப்பே. ஒனக்குத் தெரியாம நான் ஒருத்தரத் தொணைக்கு அனுப்பி வச்சேனே!”

“பாத்தேன் அத்தே,” என்றாள் கிறிஸ்டல். “பைக்கு அடியில இருந்தாரு.”

“கோவமா?”

“சேச்சே. மீன் வச்சுக்குங்க, ஆறிடும்.”

யுகேந்திரனிடம் மட்டும் படுத்த பிறகு சொன்னாள். அத்தையிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆனால் தண்டனை வந்த அன்று எப்படி மறைப்பது? இரண்டு பருவம் இடைநீக்கம். மருத்துவமனைப் பயிற்சி ரத்து. அறிவிப்புப் பலகையில் பெயர். மீனாட்சிக்கு விஷயம் தெரிந்ததும் அழவில்லை. திருநீற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு, தானே பஸ் ஏறி, வளாகத்து வாசலில் போய் நின்றாள். பெரியவரைப் பார்க்க வேண்டும் என்றாள். எந்தப் பெரியவர் என்று காவலாளி கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. வெயில் சாயும்வரை வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். மேல்முறையீட்டில் யுகேந்திரன் எல்லாவற்றையும் எழுதினான். குடும்பத்தாரின் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்று மறுநாளே ஒரு வரியில் பதில் வந்தது.

தண்டனை வந்து நான்காம் நாள் கிறிஸ்டல் இல்லை. தானே முடித்துக்கொண்டாள்.

இப்போது பல்கலைக்கழகம் தனக்குத் தானே ஒரு விசாரணை வைத்திருக்கிறது. இறுதி அறிக்கையின் நகலை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். மரணத்துக்குப் பின்னணியாக அதில் எழுதியிருந்தது: குடும்பத்தில் நிலவிய சமய வேறுபாடு, மாமியாரின் தலையீடு. யுகேந்திரன் அதைத் தொழிற்சாலைக் கேன்டீனில் உட்கார்ந்து படித்தான். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. இன்று அவன் போவது இதற்காகத்தான். அந்தப் பத்தியை எடுக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் வர வேண்டும்: வெளியே அனுப்பிய பிறகு அவள் என்ன ஆனாள் என்று நாங்கள் பார்க்கவில்லை. பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் போதும்.

கூட்ட அறையில் குளிர் அதிகம். மேசையில் தண்ணீர் போத்தல்கள், ஒரு தட்டில் கூய் பலகாரம், ஒரு டிஷ்யூ பெட்டி. எதிரே மூன்று பேர். நடுவில் துணைப் பதிவாளர் ஹஸ்ருல். அவருக்கு வலப்பக்கம் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் அம்மாள். இடப்பக்கம் ஆலோசனைப் பிரிவின் ரமணி, நடுத்தர வயது, தமிழ்ப் பெண். குனிந்த தலையை அவள் நிமிர்த்தவே இல்லை.

ஹஸ்ருல் எழுந்து நின்று மலாயில் அனுதாபம் தெரிவித்தார். நல்ல குரல். கூய் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பாக்கியசாமி மகளின் படத்தை மேசையில், கூய் தட்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். “ஒரு கேள்விதான் சார். பிள்ளைய வெளிய அனுப்பினீங்களே, கூட யாராச்சும் ஒருத்தர் போனீங்களா?”

ஹஸ்ருல் தாளைப் பார்த்தார். “போனார். பாதுகாவலர் வாசல்வரை கூடவே போனார்.”

பாக்கியசாமி மகளின் படத்தை இன்னும் கொஞ்சம் நேராக்கி வைத்தார்.

“அதற்கப்புறம்?” என்றான் யுகேந்திரன்.

வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினாள். இடைநீக்கம் தொடங்கிய நிமிடத்திலிருந்து அவர் நடப்பு மாணவர் அல்ல. ஆலோசனைச் சேவை நடப்பு மாணவர்களுக்கு மட்டும். ஆகவே சட்டப்படி எங்களுக்குக் கடமை கிடையாது. “ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில் நான்காம் நாள் காலை தொலைபேசியில் விசாரித்தோம். மாணவரின் எண் எங்கள் கணினியில் முடக்கப்பட்டுவிட்டதால், அவசரத் தொடர்புக்குக் கொடுத்த எண்ணை அழைத்தோம். உங்கள் எண்ணை.”

பாக்கியசாமி மெதுவாக மருமகன் பக்கம் திரும்பினார். இது அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

“பதிவு இருக்கிறது,” என்று சொல்லி ஹஸ்ருல் மடிக்கணினியைத் தட்டினார்.

முதலில் இயந்திரச் சத்தம். புக்கிட் தெங்கா. பிறகு ரமணியின் குரல், தமிழில்.

“ஹலோ, மிஸ்டர் யுகேந்திரனா? நான் யூனியிலேருந்து ரமணி பேசறேன். கவுன்சிலிங் யூனிட். கிறிஸ்டல் எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்கா.”

“சாப்பிடறாங்களா? தூங்கறாங்களா?”

“ம். ஓகேதான்.”

“அழுகை, அந்த மாதிரி ஏதாச்சும்...”

“இல்ல. நல்லா இருக்கா. வீட்ல இருக்கா.”

“நான் வேணும்னா ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா?”

இயந்திரம் ஓடியது.

“வேணாம்ங்க. நல்லாத்தான் இருக்கா.”

“சரிங்க. அப்ப நான் கேஸ க்ளோஸ் பண்ணிடறேன். தேங்க் யூ ஆ.”

ஹஸ்ருல் மூடியைச் சாத்தினார். வெளியே நடைபாதையில் மாணவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். ரமணி தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், திறக்கவில்லை.

“இது உங்கள் குரல்தானே?”

“ஆமா.”

“அப்போது அவர் நன்றாக இருந்தாரா?”

நன்றாக இருந்தாளா? தட்டிலிருந்த உப்புமாவைக் கிளறிவிட்டுக் குப்பையில் கொட்டினாள். குளித்தால் ஒரு மணிநேரம் வெளியே வரமாட்டாள். கோப்பையில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள், போத்தலோடு குடித்தாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சரியாகிவிடும் என்று நினைத்தான்.

“இல்ல,” என்றான்.

“பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?”

பாக்கியசாமி மேசைக்கு அடியில் மருமகன் தொடையை அழுத்தினார். சொல்லுங்க, அந்த வாக்கியத்தைச் சொல்லுங்க என்ற அழுத்தம். அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

வழக்கறிஞர் முன்னால் சாய்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். “அப்படிச் சொல்லும்படி உங்கள் மனைவி உங்களிடம் சொல்லியிருந்தாரா? இருந்தால் சொல்லுங்கள், உங்களுக்கு நல்லது. மாணவரே தன் நிலையை மறைத்திருந்தால் அது வேறு விஷயம். உங்கள் மேல் பழி வராது. எங்கள் மேலும் வராது.”

அவள் பேனாவைத் தயாராகப் பிடித்திருந்தாள். யுகேந்திரன் அந்தப் பேனாவைப் பார்த்தான். முன்பு இதே கட்டடத்தில் கிறிஸ்டல் இரண்டு உண்மை சொன்னாள். இரண்டையும் எடுத்து அவள் வாக்குமூலத்தை மாற்றினாள் என்று எழுதினார்கள். மூன்றாவது ஒன்றை இவர்கள் கையில் கொடுத்தால் என்ன எழுதுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். மறைத்தார். அதோடு முடிந்தது. பொய் சொன்ன பெண், கடைசிவரை பொய் சொன்னாள்.

“சொல்லல,” என்றான்.

“அன்று காலை, கடைசியாக, எதுவும் சொல்லவில்லையா?”

“நான் வேலைக்குக் கெளம்பறப்ப தூங்கிக்கிட்டு இருந்தா. எழுப்பல.”

தொடையிலிருந்த கை எடுக்கப்பட்டது.

“அப்படியானால் தொலைபேசியில் ஏன்...”

“லைன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பேச நேரமில்ல. சீக்கிரம் வைக்கணும்னு சொல்லிட்டேன்.”

வழக்கறிஞர் எழுதினாள். ஹஸ்ருல் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு ஹஸ்ருல், நல்ல செய்தி சொல்கிறவரைப் போல, முகத்தைத் தளர்த்திக்கொண்டார்.

“அப்படியென்றால் சமயம் பற்றிய பத்தி தேவைப்படாது. அதை எடுத்துவிடலாம். உங்கள் தாயாரைப் பற்றியும் வேண்டாம். அது யாருக்கும் நல்லதல்ல.” புதிய வாக்கியத்தை வாசித்துக் காட்டினார்: மாணவி நலமாக இருப்பதாகக் கணவர் மும்முறை உறுதியளித்ததால், மேற்கொண்டு தலையிட அவசியம் எழவில்லை. “சரிதானே?”

“சரி,” என்றான் யுகேந்திரன்.

கைகுலுக்கினார்கள். ரமணி மட்டும் கையை நீட்டவில்லை.

கார் நிறுத்தும் இடம்வரை பாக்கியசாமி முன்னால் நடந்தார். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்ததும் நின்றார். ரோஸ் ஹெல்மெட்டை அவர் இவ்வளவு நேரமும் கையிலேயே வைத்திருந்தார். அதை இருக்கைமேல் வைத்தார்.

“எத்தன தடவ சொன்னே?”

“மாமா...”

“நல்லா இருக்கா, நல்லா இருக்கா, நல்லாத்தான் இருக்கா. அந்தம்மா வந்து பாக்கறேன்னு கேக்குது. வேணாங்கறே.” அதுவரை அவனை அவர் நீ என்று சொன்னதில்லை. “கேத்தரினுக்கு நான் என்னா சொல்றது? ஒன் மக புருசனுக்கு நேரமில்லலா, லைன் ஓடிச்சாம், அப்படின்னா?”

யுகேந்திரன் ரோஸ் ஹெல்மெட்டின் வாரை உள்ளே மடித்து வைத்தான்.

“நான் ஒரு வாக்கியம் குடுத்தேன். ஒரே ஒரு வாக்கியம். அதச் சொல்ல ஒனக்கு வாயில்ல. எம் பிள்ளைய க்ளோஸ் பண்ணச் சொல்ல மட்டும் வாய் இருந்துச்சு.” மூச்சு வாங்கினார். “இனி வீட்டுப் பக்கம் வராதே. முப்பதாம் நாள் பூசைக்கும் வராதே. கல்லறையில ஒன் பூவப் பாத்தேன்னா எடுத்து வீசிடுவேன்.”

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். வெயிலில் மெருகேற்றிய சப்பாத்து மின்னியது. ஜெட்டிவரை எப்படிப் போவார் என்று யுகேந்திரன் நினைத்தான். கிராப் வாடகைக் காடி ஒன்று வந்து நின்றது. ஏறிக்கொண்டார்.

பின்னால் காலடி கேட்டது. ரமணி. மூச்சு இரைக்க ஓடி வந்திருந்தாள்.

“தம்பி, அன்னைக்கு நான் கேக்காமலே வந்திருக்கணும்.”

“வந்திருந்தாலும் கதவத் தொறந்திருக்க மாட்டா.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “அவங்கதான் சொல்லச் சொன்னாங்க, இல்ல? எத்தன பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன். நான் எழுத மாட்டேன் தம்பி. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். தெரிஞ்சா எனக்கும் கொஞ்சம்...” முடிக்கவில்லை.

கொஞ்சம் தூக்கம் வரும். அதுதான் அவளுக்கு வேண்டியது. கொடுத்தால் ஒன்றும் குறையாது. அவன் யோசித்தான்.

“தூங்கிக்கிட்டு இருந்தா,” என்றான். ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டினான்.

வீட்டில் மீனாட்சி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் கம்பியின் தடம் பதிந்திருந்தது.

“என்னா சொன்னாங்க?”

“முடிஞ்சிருச்சும்மா.”

“என்னையப் பத்தி?”

“எடுத்துட்டாங்க. ஒன் பேரே அதுல இல்ல.”

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். மலரவில்லை.

“ஏன்யா எடுத்தாங்க? நான்தானே வச்சேன்?” என்றாள். “நீ சொல்லலியா? நான்தான் வச்சேன்னு சொல்லுன்னு சொன்னேனே. அப்ப யாரு பேருதான் அதுல இருக்கு?”

“யாரு பேரும் இல்லம்மா.”

“யாரு பேரும் இல்லாம ஒரு பிள்ள செத்துருமா?”

சட்டைப் பையிலிருந்து டிஷ்யூப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். வேர்வையில் நைந்து ஓரம் கிழிந்திருந்தது. பையின் உள்ளே சாம்பல் ஒட்டியிருந்தது. மீனாட்சி அதை வாங்கிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். விளக்கு ஏற்றவில்லை.

அவன் கதவருகில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். அன்று மாட்டிய அதே இடம்.

அன்று கிறிஸ்டல் தூங்கிக்கொண்டு இருக்கவில்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்து, வெள்ளைச் சீருடையை மடியில் போட்டுக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் சின்னத்தைச் சின்னக் கத்தரியால் பிரித்துக்கொண்டிருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். துணி கிழியக் கூடாது என்று ஒவ்வொரு தையலாக வெட்டினாள். அவன் சப்பாத்து வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது, பெர்ரியைப் பிடிக்க வேண்டும். வெளியே லிஃப்டின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் காதில்தான் முதலில் விழுந்தது.

“யூனியிலேருந்து யாராச்சும் போன் அடிச்சா நல்லா இருக்கேன்னு சொல்லிடு, யுகே. லிஃப்ட் வந்திருச்சு பாரு, போ.”